முன்னுரையில் நாலு வரி

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். மிஷின் ஓட்டுகிறவர் வைத்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரும் மாமனார் பேரும் இடம் மாறிக் கிடந்ததை, ஐந்நூறு பிரதி ஓடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் கண்டுபிடித்து மிஷினை நிறுத்தியவள் அவள். ‘பாவம் அந்தப் பெரியவர், ஆசை ஆசையா இருந்திருப்பாரு, கெடுத்துட்டியேம்மா’ என்று மிஷின்காரர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

இருபத்தாறு வருஷமாக அவள் புரூஃப் பார்க்கிறாள். வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க மாட்டாள். மருந்து டப்பா, மின்சார பில், பக்கத்து வீட்டுக் கதவில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’, எதுவும் தப்பாது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், வாய் கொஞ்சம் நீளம். ‘இத்தனை கண்ணு இருக்கே, என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு மட்டும் எங்க வச்சிருந்தே?’ என்பார். அவளுக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டாள்.

இப்பேர்ப்பட்டவள், ஒரே ஒரு விஷயத்தைப் பதினெட்டு வருஷமாகத் திருத்தாமல் விட்டு வைத்திருந்தாள். மகள் அவள் பெற்ற பிள்ளை இல்லை. அது மகளுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். அச்சகம் அப்போது பழைய தெருவில் இருந்தது. ஒரு நாள் காலை, எட்டு மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். தாடி சார் என்று ஒரு பேராசிரியர், ஆதிகாலக் கிறிஸ்தவர்கள் எழுதிவைத்த கடிதங்களைப் பற்றியே ஆயுசு முழுக்கப் புத்தகம் போடுகிறவர், கடைசி புரூஃப் பார்க்கச் சீக்கிரம் வருவதாகச் சொல்லியிருந்தார். வாசல் படியில் காகிதம் வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அச்சகத்து வாசலில் அட்டைப்பெட்டி கிடப்பது அதிசயமா? காலால் தள்ளப் போனாள். பெட்டி அசைந்தது. உள்ளே ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு பெண் குழந்தை. தொப்புளில் இன்னும் மருந்துகூடப் போடவில்லை.

அவளுக்கு அப்போது கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம், கோர்ட்டு என்று ஒன்றரை வருஷம் அலைந்து, முறைப்படி எழுதி வாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திருடவில்லை, மறைத்து வளர்க்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் தாடி சார்தான். அதோடு அவர் வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார். அச்சகம் இடம் மாறியது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். புருஷனும் அவளும் வீடு மாற்றினார்கள். தெரிந்தவர்கள் குறையக் குறைய அவளுக்கு மூச்சு லேசானது.

‘சொல்லிடலாம்டி’ என்பார் புருஷன், வருஷத்துக்கு ஒரு தரம்.

‘பால் பல்லு விழட்டும்’ என்றாள் முதலில். பல் விழுந்தது, முளைத்தது. ‘பெரியவளாகட்டும்’ என்றாள். ஆனாள். ‘பரீட்சை முடியட்டும்.’ எந்தப் பிள்ளைக்காவது பரீட்சை முடிந்திருக்கிறதா? ஒன்று போனால் இன்னொன்று. உண்மையில் அவளுக்குப் பயம். சொன்ன அந்த நிமிஷமே மகள் தன்னை வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்ப்பாள், பெட்டியில் வைத்தவளைத் தேடிப் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள் என்று அடிவயிற்றில் ஒரு பயம். அது வருஷத்துக்கு வருஷம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

புரூஃப் பார்க்கும் அறை மாடிப்படிக்கு அடியில். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ட்யூப்லைட். பக்கத்தில் மிஷின் ஓடினால் மேசை மேல் தண்ணீர் டம்ளர் நடுங்கும். வேலை இரண்டு பேருக்கானது. ஒருத்தி ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்கவேண்டும். கமா வந்தால் ‘கமா’, புள்ளி வந்தால் ‘புள்ளி’, பத்தி மாறினால் ‘புது பாரா’. மற்றவள் அடித்து வந்த தாளில் அதே இடத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டு வருவாள். படிக்கிறவள் எதையாவது விட்டுவிட்டால், பார்க்கிறவள் வாயைத் திறக்காமல் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவாள். படிக்கிறவள் திரும்பிப் போய் விட்டதை எடுப்பாள். இன்னொரு சட்டமும் உண்டு, அவளே போட்டது: முன்கூட்டிப் படிக்கக் கூடாது. ஒரு தரம் பார்த்த கண் இரண்டாம் தரம் தப்பைத் தாண்டிக் குதித்துவிடும்.

உரக்கப் படிக்கிற பெண் அந்த மாதம் பிரசவத்துக்குப் போய்விட்டாள். மேனேஜர் வந்து நின்றார்.

‘அக்கா, உங்க பொண்ணு காலேஜ் திறக்கிற வரைக்கும் வீட்ல சும்மாதானே இருக்கா? ஒரு மாசம் வந்து படிச்சுக் குடுக்கட்டுமே. நல்லா கணீர்னு பேசுவாளே.’

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறாள்! சரி என்று தலையாட்டிய பிறகுதான் மேனேஜர் அடுத்த புத்தகத்தை மேசையில் வைத்தார். தாடி சாருடையது. ஓய்வு பெற்று இந்த ஊருக்கே திரும்பிவிட்டாராம். விஷயம்: முதல் சில நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட கிறிஸ்தவ எழுத்துகளில் குழந்தைகளும் குடும்பமும். கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு அவர் அன்று போட்ட சாட்சிக் கையெழுத்து ஞாபகம் வந்தது. இப்போது வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வாள்?

மகள் வந்தாள். வந்த அன்றே மிஷின்காரரோடு ஒட்டிக்கொண்டாள், மேசையைத் துடைத்தாள், ட்யூப்லைட்டின் முனகலை ஒரு தட்டில் நிறுத்தினாள். வீட்டில் அவள் அப்பா அவளை ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுவார், சும்மா இல்லை.

முதல் அத்தியாயம் லேசாகப் போனது. பிள்ளைகள் பெற்றவர்களுக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று அந்தக் கடிதங்கள் சொல்கின்றன. சொன்ன கையோடு, அப்பன்மார்களும் பிள்ளைகளைக் கடுகடுத்து மனசை உடைத்துவிடக் கூடாது என்கின்றன. அந்தக் காலத்தில் அப்பனுக்கு வீட்டில் ராஜா அதிகாரம், அவனுக்கே இப்படி ஒரு கடிவாளம் போட்டது பெரிய விஷயம் என்று தாடி சார் எழுதியிருந்தார்.

‘இந்தப் பக்கத்தை அப்பாவுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கணும் புள்ளி’ என்றாள் மகள். பென்சில் மேசையில் இரண்டு தட்டு தட்டியது. மகள் சிரித்தாள்.

இரண்டாவதில், சாமிக்காக அப்பா அம்மாவையே விட்டுவிட்டு வருகிறவர்களைப் புகழ்கிற பேச்சுகள். குடும்பத்தைக் கட்டிக் காப்பாற்று என்று ஒரு குரல், விட்டுவிட்டு வா என்று இன்னொரு குரல், இரண்டும் ஒரே கூட்டத்திலிருந்து. தாடி சார் இரண்டையும் சமாதானப்படுத்தவில்லை. அது அப்படித்தான் இருந்தது என்று விட்டுவிட்டார். மகள் கணீரென்று படித்துப் போக, ‘தாயை விட்டு’ வரும் இடங்களிலெல்லாம் பென்சில் பிடித்த விரல்கள் சில்லிட்டுப் போயின. ‘என்னம்மா, குளிருதா?’ என்றாள் மகள். காற்றாடியை நிறுத்தவும் செய்தாள்.

மூன்றாவது அத்தியாயம்தான் அவளைக் கொன்று போட்டது. அந்தக் காலத்தில் வேண்டாத பிள்ளையைப் பிறந்த கையோடு தெருமுனையிலும் குப்பைமேட்டிலும் போட்டுவிடுவது சர்வ சாதாரணம். யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சின்னக் கூட்டம்தான் கூடாது, கூடவே கூடாது என்று திரும்பத் திரும்ப எழுதியது. அதில் ஒருவர் பயமுறுத்தியும் எழுதுகிறாராம்: நீ போட்டுவிட்டு வந்த பிள்ளையை யாராவது எடுத்து வளர்த்திருப்பார்கள், நாளைக்கு அது உன் எதிரே வந்து நிற்கும், இன்னார் என்று உனக்கு எப்படித் தெரியும்?

மகளின் குரலில் கணீர் போய்விட்டது. கமா சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பிறகு கேட்டாள்.

‘ஏம்மா, அப்படி எடுத்து வளத்தவங்க இருக்காங்களே, அவங்க அந்தப் பிள்ளைங்ககிட்ட விஷயத்தைச் சொல்லியிருப்பாங்களா?’

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ‘அதெல்லாம் நமக்கு எதுக்கு? நம்ம வேலை கமா, புள்ளி. படி.’

மகள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படித்தாள்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், மகளை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அதே நெற்றியோ? அதே மாதிரி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிறாளோ? இவள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். அந்தப் பெண்மணி அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸுக்குள் இருந்தபடி, ‘பாப்பா, உன் பை திறந்திருக்கு’ என்று கத்தினாள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இவள் வீடு போய்ச் சேரும் வரை மகளின் கையை விடவில்லை.

கடைசி அத்தியாயம் கொஞ்சம் மருந்து போட்டது. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் தங்களையே கடவுள் தத்தெடுத்த பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டார்களாம். பிறப்பால் வந்த உரிமையைவிட, வேண்டுமென்று ஏற்றுக்கொண்டதால் வந்த உரிமையைத்தான் பெருமையாகப் பேசினார்களாம். அவள் அந்தப் பக்கத்தில் ஒரு தப்பும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

‘அப்புறம் என்ன? இதையே சாக்கா வச்சு சொல்லிடேன்.’

‘காலேஜ்ல சேரட்டும்.’

‘அது முடிஞ்சதும் கல்யாணம் ஆகட்டும்பே. அப்புறம் பேரன் வரட்டும்பே. நான் போய்ச் சேந்ததுக்கு அப்புறம் யாரோட சண்டை போடுவே?’ என்றார் அவர். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்னுரை எப்போதும் கடைசியில்தான் வரும். ஆசிரியர்கள் புத்தகம் முழுக்க முடிந்த பிறகுதான் யார் யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று யோசிப்பார்கள். தாடி சார் முந்தின நாள் போன் செய்தார்.

‘முன்னுரை காலையில வந்துடும்மா. அதுல உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன். பதினோரு மணிக்கு நானே வரேன். உங்க பொண்ணையும் பாக்கணும். எவ்வளவு பெரிசா வளந்திருப்பா!’

நல்ல மனுஷர். பதினெட்டு வருஷத்தில் பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார், வேறென்ன. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மறுநாள் காலை பத்து மணி. மேனேஜர் அடித்து வந்த முன்னுரைத் தாளை மேசையில் வைத்தார். ‘ரெண்டே பக்கம் அக்கா. மிஷின் காலியா நிக்குது. சட்டுனு முடிச்சுடுங்க. கையெழுத்துப் பிரதி மாடியில இருக்கு, பாப்பா எடுத்துட்டு வரப் போயிருக்கா.’

அவள் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சட்டத்தை மீறினாள். முன்கூட்டிப் படித்தாள். முதல் பக்கம் கல்லூரி, நூலகம், நண்பர்கள். இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி. நாலே நாலு வரி.

பென்சிலை எடுத்தாள். அடித்துவிடலாம். தாளில் அடித்து என்ன செய்ய? கையெழுத்துப் பிரதி மகள் கையில் அல்லவா இருக்கிறது! போய்ப் பிடுங்கலாமா? எழுந்தாள். காலடிச் சத்தம் கேட்டது. மகள் எப்போதும் அந்தப் படிகளைத் தடதடவென்று மூன்று தாவில் இறங்குகிறவள். இன்று ஒவ்வொரு படியாக இறங்கினாள். நடுவில் நின்றாள். மறுபடி இறங்கினாள்.

‘எனக்குத் தலைவலி’ என்றாள் அவள், மகள் உள்ளே வந்ததும். ‘நீ வீட்டுக்குப் போ. நானே பாத்துக்கறேன்.’

‘தலைவலியோட நீ எப்படிம்மா தனியாப் பாப்பே? ரெண்டு பக்கம்தானே. உக்காரு.’

‘சொன்னா கேளுடி!’

அதட்டல் வாசல் வரை கேட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். ‘என்னக்கா, ஆரம்பிக்கலையா? சார் பதினோரு மணிக்கு வந்துடுவாரு.’

இனி வழியில்லை. உட்கார்ந்தாள். டம்ளர் நடுங்கவில்லை, மிஷின்தான் ஓடவில்லையே. அவள் கைதான் நடுங்கியது. மகள் எதிரே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

‘இந்நூலை எழுத எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின புள்ளி. நூலகத்தாருக்கும் கமா என் மாணவர்களுக்கும் கமா...’

வரி வரியாக அது நெருங்கியது. ஓடிவிடலாமா என்று இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிடலாமா? மயக்கம் வந்ததுபோல் விழுந்துவிடலாமா? முதல் பக்கம் முடிந்தது. மகள் தாளைத் திருப்பினாள். முதல் பத்தி. இரண்டாம் பத்தி. ‘...என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் புள்ளி. புது பாரா.’

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

‘அச்சிட்டுத் தந்த நிறுவனத்தாருக்கு என் நன்றி புள்ளி.’

கண்ணைத் திறந்தாள். தாளைப் பார்த்தாள். அது நாலாவது பத்தி. மூன்றாவது எங்கே?

மகள் படித்துக்கொண்டே போனாள். குரல் தடுமாறவில்லை, கமாவும் புள்ளியும் சரியாக விழுந்தன. ஆனால் கழுத்து நரம்பு துடித்தது. ஒரு மாதமாக ஒரு வார்த்தை விட்டதில்லை இந்தப் பிள்ளை. நாலு வரி தவறியா போகும்?

தெரியும். மகளுக்குத் தெரியும். மாடிப்படியில் தெரிந்ததா? இல்லை, இல்லை. மாடிப்படியில் தெரிந்திருந்தால் இப்படி உட்கார்ந்து படிக்க முடியுமா? அதற்கும் முன்னால். பரீட்சைக்குப் பேர் கொடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்று பீரோவைத் திறந்தாளே, அன்றைக்கா? கோர்ட்டுக் காகிதம் அதே உறையில் அல்லவா இருந்தது! எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக இந்தப் பிள்ளை, அம்மா பயப்படுவாள் என்று, எல்லாவற்றையும் வாய்க்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. எடுத்து வளர்த்தவர்கள் சொல்வார்களா என்று கேட்டது கேள்வி இல்லை. கதவைத் திறந்து காட்டியது. அவள்தான் அதை முகத்தில் அடித்தாற்போல் சாத்தினாள்.

படித்து முடிய இன்னும் மூன்று வரி இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்து தாண்டிவிடலாம். பென்சிலால் ஒரு கோடு போட்டால் அந்தப் பத்தி புத்தகத்தில் இருக்காது. தாடி சாரை வாசலிலேயே மடக்கி ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பிறகு சாகும் வரை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு, ஒரே மேசையில் சாப்பிடலாம். அந்த யோசனைதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது.

பென்சில் மேசையில் இரண்டு தட்டு தட்டியது.

மகள் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

‘எதையும் விடலையேம்மா.’

‘விட்டுட்டே கண்ணு. மூணாவது பாரா. படி.’

மகள் தாளைக் கிட்டே வைத்துக்கொண்டு படித்தாள். மெதுவாக.

‘பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கமா ஒரு மழைநாள் காலையில் கமா இந்த அச்சகத்தின் பழைய வாசலில் கமா காகிதப் பெட்டியில் கிடந்த குழந்தையை வாரியெடுத்தவர்தான் இந்நூலின் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தவர் புள்ளி. நான் குடை மட்டும் பிடித்தேன் புள்ளி. பழைய கடிதங்களில் நான் தேடிக்கொண்டிருந்ததை அவர் அந்தப் படியில் செய்துகாட்டினார் புள்ளி. இந்நூல் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் புள்ளி.’

அவளால் நிமிர முடியவில்லை. இப்போது எழுந்து போவாள், இதோ நாற்காலி நகரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலி நகர்ந்தது. வாசல் பக்கம் இல்லை. மேசையைச் சுற்றி வந்து, அவள் தோளை ஒட்டி நின்றது.

‘அன்னிக்கு மழையாம்மா?’ என்றாள் மகள், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அவள் தாளைப் பார்த்தாள். ‘மழைநாள்’ என்று அச்சாகியிருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், பயம் பயமாக இருக்கும்போதே கை பென்சிலைத் தேடிப் போயிற்று.

‘மழையா? யாரு சொன்னா? சரியான வெயில். எட்டு மணிக்கே சுள்ளுனு அடிச்சுது. அவரு வெயிலுக்குத்தான் குடை பிடிச்சாரு. நீ மூஞ்சியைச் சுளிச்சே, கண்ணு கூசிச்சு உனக்கு. அதான் அவரைக் கிட்ட வரச் சொன்னேன்.’ மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். ‘அந்தத் துண்டு நீலக் கலரு. இன்னும் வச்சிருக்கேன். பீரோல இல்ல, அரிசி டின்னுக்குப் பின்னால.’

‘கோர்ட்டுக் காகிதத்துல போட்டிருந்த அந்தத் துண்டைத்தான் எட்டு மாசமா தேடிட்டு இருக்கேன்’ என்றாள் மகள். சொல்லிவிட்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

வெளியே மேனேஜர் குரல் கொடுத்தார். ‘அக்கா, ஆச்சா? மிஷினைப் போடலாமா?’

‘இருங்க’ என்றாள் அவள். ‘ஒரு தப்பு இருக்கு. திருத்தணும்.’ மழையை அடித்துவிட்டு, ஓரத்தில் வெயில் என்று எழுதினாள். கை இன்னும் நடுங்கியதால் எழுத்து கோணலாக விழுந்தது. மகள் அதைப் பார்த்து, அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, பக்கத்தில் தெளிவாக இன்னொரு தரம் எழுதினாள்.